எங்கள் காதல் கடிதங்களை எந்தப் பதிப்பகம் போடும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கொட்டிவாக்கம் கடற்கரையில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. வட்டம் என்றால் பெரிய வட்டமில்லை, பதினோரு பேர். குப்பத்துப் படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேனர் துணியை விரித்து உட்கார்ந்திருந்தோம். அன்றைய தலைப்பு 'எழுத்தாளர்களின் காதல் கடிதங்கள்'. பேச வந்த நண்பர் நன்றாகவே பேசினார். காஃப்காவும் மிலெனாவும், புதுமைப்பித்தனும் கமலாவும் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். கடைசியில், பிரிவுதான் காதலை இலக்கியமாக்குகிறது என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்தபோது ஒரு தம்பி மட்டும் நகராமல் நின்றான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலை, கொட்டிவாக்கத்தில் நான்கு பேரோடு ஒரு அறை. ஊரில் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். வேறு சாதி. அவள் பெயர் அவன் கைபேசியில் 'ஹெச்.ஆர். மேடம்' என்று இருக்கிறது. இரண்டு பேருமே கவிதை எழுதுகிறவர்கள். ஒருவருக்கொருவர் எழுதியதுதான் அதில் பாதி.

"அண்ணே, நான் டெய்லி ரெண்டு நேரம் எல்லாத்தையும் அழிச்சிருதேன். அவளும் அழிச்சிருவா. இத எந்தப் பதிப்பகம்ணே போடும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நான் தட்டிய கைதட்டல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில்.

முதலில் காஃப்கா. 1920இல் அவர் பிராக் நகரில், மிலெனா யெசென்ஸ்கா வியன்னாவில். மிலெனா காஃப்காவின் கதையைச் செக் மொழியில் பெயர்த்தவர், பத்திரிகையாளர், எழுத்துக்காரி. கடிதம் போகிறது, கடிதம் வருகிறது. 1952இல் புத்தகம் வெளிவந்தபோது அதில் இருந்தவை காஃப்கா எழுதியவை மட்டும். மிலெனா எழுதியவை கிடைக்கவில்லை. நாஜிகளை எதிர்த்து நின்ற அந்தப் பெண் 1944இல் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்துபோனார். உலக இலக்கியத்தில் அவருக்குக் கிடைத்த இடம் என்ன? ஒரு உறையின் மேல் எழுதப்பட்ட விலாசம்.

இப்போது நம்மூர். சொ. விருத்தாசலம் என்கிற புதுமைப்பித்தன் சென்னையில் பத்திரிகை வேலை பார்க்கிறார். 'தினமணி'யில், பிறகு 'தினசரி'யில், அதன் பிறகு சினிமாவுக்கு எழுத. மனைவி கமலா பல காலம் திருவனந்தபுரத்தில், பிறந்த வீட்டில். சென்னையிலிருந்தும் கடைசியில் சினிமா வேலைக்காகப் போன பூனாவிலிருந்தும் அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாயின. 1948இல் காசநோய் அவரைத் திருவனந்தபுரத்தில் கொன்றது.

அந்தக் கடிதங்களை நான் ஏளனம் செய்யப்போவதில்லை. படித்திருக்கிறேன். கையில் காசில்லாத ஒரு மனிதனின் நெஞ்சு அதில் இருக்கிறது. என் சண்டை அவரோடு அல்ல. அந்தக் கடிதங்களைச் சுற்றிப் பூமாலை கட்டுகிறவர்களோடு.

அந்தப் பிரிவு ஏன் நேர்ந்தது? விதியாலா, காவியத்தாலா? இல்லை. எழுத்துக்குக் கூலி கொடுக்காத பத்திரிகை முதலாளிகளால். ஒரு குடும்பத்தைச் சென்னையில் வைத்துக் காப்பாற்ற முடியாத சம்பளத்தால். அந்தக் கூலிப் பிரச்சினையை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஏக்கத்தை மட்டும் வடிகட்டி 'பிரிவு காதலை இலக்கியமாக்கியது' என்று சொல்வது எவ்வளவு வசதியான பொய்! பிரிவு இலக்கியமாக்கவில்லை தோழர்களே. பிரிவு காசநோயாக்கியது.

அடுத்தது, கமலா விருத்தாசலம். இவரும் எழுத்தாளர். சிறுகதைகள் எழுதியவர். 'காசுமாலை' என்று தொகுப்பே இருக்கிறது. அன்று கடற்கரையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் அதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். ஒருவர். 'கண்மணி' என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கண்மணி எழுதிய கதை ஒன்றின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. வியன்னாவோ திருவனந்தபுரமோ, கதை ஒன்றுதான். இரண்டு எழுத்தாளர்களின் காதல் என்று ஆரம்பிப்பார்கள். முடியும்போது ஒரு எழுத்தாளரும் ஒரு காதலியும் மட்டும் மிஞ்சியிருப்பார்கள்.

சரி, இதெல்லாம் பெண்ணியம் பேசுகிற விஷயம், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வருகிறேன்.

புதுமைப்பித்தனின் அப்பா தாசில்தார். சைவ வேளாளக் குடும்பம். சாதிக்குள் நடந்த திருமணம். ஆகவே அந்தத் தபால் சென்னையிலிருந்து திருவனந்தபுரம்வரை போய்ச் சேரும் பாதையில் ஒரு சாதிச் சங்கமும் நிற்கவில்லை. எந்த அண்ணனும் உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. கடிதம் கண்டுபிடிக்கப்பட்டதால் ஒரு சேரி எரியவில்லை. அவருக்கு வறுமை இருந்தது, நோய் இருந்தது, அவமானம் இருந்தது. ஆனால் எழுதிய கடிதம் பத்திரமாக இருக்கும் என்ற நிம்மதியும் இருந்தது. கமலா அவற்றைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்க முடிந்தது. காதல் கடிதத்தைப் பாதுகாக்க முடிவதே இந்த நாட்டில் ஒரு சாதிச் சலுகை. அதைச் சலுகை என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் பாருங்கள். இதே புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். அதில் மருதி என்ற தலித் பெண். கணவன் வெள்ளையன் சிறைக்குப் போகிறான். அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். தோட்டத்து வெள்ளைக்காரன் அவள் உடலைத் தன் சொத்தாக்கிக்கொள்கிறான். அவர்களுக்கும் இடையில் தூரம் இருந்தது, கடலே இருந்தது. ஆனால் அவர்கள் பிரிவை யாரும் 'நெடுந்தூரக் காதல்' என்று சொல்வதில்லை. அது 'துன்பம்'. எழுத்தாளனுக்குப் பிரிவு வந்தால் காதல், மருதிக்குப் பிரிவு வந்தால் கேணி. தபால்தலையும் எழுத்தறிவும் முகவரியும் இருந்தவர்களின் பிரிவுதான் கடித இலக்கியமாக நம் கைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் பாட்டிகளின் பிரிவுக்கு ஆவணம் இல்லை.

2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் 'துன்பக்கேணி'யையும் 'பொன்னகர'த்தையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது ஒரு பக்கம் எதிர்ப்புக் குரல், ஒரு பக்கம் வெற்றிக் குரல். எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. மருதியை ஒரு மேல்சாதி ஆண் எப்படிப் பார்த்தான் என்ற கேள்வியை வகுப்பறையில் வைத்துத்தான் கேட்க வேண்டும். கதையை நீக்கினால் கேள்வியும் சேர்ந்து போய்விடும். என் ஆசை வேறு. 'துன்பக்கேணி'யையும் 'கண்மணி கமலாவுக்கு'வையும் ஒரே வாரத்தில் பாடமாக வையுங்கள். கமலாவின் கதை ஒன்றையும் சேர்த்து வையுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"எல்லாத்துலயும் சாதியத் தேடுறீங்களே, காதல்லயுமா?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத இலக்கிய நண்பர் இல்லை. ஆமாம் நண்பரே, காதலில்தான் தேட வேண்டும். சாதி அங்கேதான் குடியிருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1916 மே மாதம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையின் மையமே அதுதான். சாதியைச் சாதியாக வைத்திருப்பது அகமணம். தீட்டும் தொழிலும் சடங்கும் பிறகு. யாரை யார் மணக்கலாம் என்ற வேலி முதலில். அந்த வேலியைக் காக்கத்தான் பெண்ணைப் பூட்டிவைத்தார்கள் என்றும் அதே கட்டுரையில் காட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோதும், கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். ஆகவே காதலில் சாதியைத் தேடுவது நாங்கள் கண்டுபிடித்த வியாதி அல்ல. காதலுக்குள் சாதியைக் காவல் வைத்தது நீங்கள்.

இனி நம் கடிதங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

தருமபுரி இளவரசன். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியோடு மூன்று சேரிகள் எரிக்கப்பட்டன. காரணம் ஒரு காதல் திருமணம். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தான். அவன் எழுதிய கடிதம் தடயவியல் கூடத்துக்குப் போனது. கையெழுத்து அவனுடையதுதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

கோகுல்ராஜ். பொறியியல் படித்த பிள்ளை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டான். உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அவனைக் கொல்வதற்கு முன்னால் கொலைகாரர்கள் அவனைக் கடிதம் எழுதவைத்தார்கள். தற்கொலை செய்துகொள்வதாக அவன் கையாலேயே எழுத வைத்து, வாயால் சொல்ல வைத்துப் படமும் எடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள். இலக்கியவாதிகள் 'கடிதம் என்பது அந்தரங்கத்தின் கலை' என்கிறார்கள். நம் பிள்ளைக்குச் சாதி சொல்லச் சொல்ல எழுதவைத்த கடிதம்தான் கடைசிக் கடிதம். கோயில் கண்காணிப்புக் கேமராவில் அவன் நடந்து போன காட்சி இருந்தது. அது இல்லையென்றால் அந்தப் பொய்க் கடிதமே வரலாறாகியிருக்கும். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கவின் செல்வகணேஷ். சென்னையில் மென்பொருள் வேலை பார்த்தவர். காதல் பாளையங்கோட்டையில். இங்கிருந்து அங்கே கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். கடற்கரையில் நம் நண்பர் சொன்னாரே, நெடுந்தூரக் காதல், அதுதான். 2025 ஜூலை 27 அன்று ஊருக்குப் போன இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர் அந்தப் பெண்ணின் தம்பி. பெற்றோர் இருவரும் காவல்துறையில் உதவி ஆய்வாளர்கள். தூரம் காதலை வளர்க்கிறது என்பார்கள். கவினுக்குத் தூரம்தான் பாதுகாப்பாக இருந்தது. தூரம் குறைந்த அன்று உயிர் போனது.

சென்னையில் இதெல்லாம் நடக்காது என்று சொல்லாதீர்கள். 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில், நம் கொட்டிவாக்கத்திலிருந்து சில கிலோமீட்டரில், காதலித்து மணந்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு மாதத்துக்குள் அவர் மனைவியும் உயிரோடு இல்லை. அந்தச் செய்தி வந்த நாளில்கூட கிழக்குக் கடற்கரைச் சாலை காபிக் கடைகளில் காதலர் தின அலங்காரம் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டத்தின் பக்கம் போகலாம் என்றால் அங்கே இன்னொரு கடிதம் காத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மதம் பார்க்காமல், சாதி பார்க்காமல் மணக்கலாம். ஆனால் முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அதைத் திருமண அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். மணமக்களில் ஒருவர் வேறு மாவட்டத்தில் நிலையாகக் குடியிருப்பவர் என்றால் அந்த மாவட்டத்து அலுவலருக்கும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். புரிகிறதா தம்பி? நீயும் அவளும் பயந்து பயந்து எல்லா மெசேஜையும் அழித்தாலும், அரசாங்கமே உன் காதலை எழுத்தில் எழுதி உன் ஊருக்குத் தபாலில் அனுப்பும். அந்தக் கடிதம் மட்டும் தவறாமல் போய்ச் சேரும். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால்தான் இதை வெளியிட வேண்டும் என்று சொன்னது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, 'அப்படியென்றால் நமக்குக் கடித மரபே இல்லையா' என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

சாவித்திரிபாய் புலே. 1848இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். கவிஞர் என்பது பலருக்குத் தெரியாது. 1854இல் அவர் கவிதைத் தொகுப்பு வந்துவிட்டது. ஜோதிராவ் 1855இல் நாடகம் எழுதினார், 1873இல் 'குலாம்கிரி' எழுதினார். ஆக, இரண்டு எழுத்தாளர்கள். வேலை நிமித்தமும் உடல்நலம் நிமித்தமும் பிரிந்திருந்த காலங்களில் சாவித்திரி கணவருக்கு எழுதிய மூன்று கடிதங்கள் நம்மிடம் உள்ளன. கவனியுங்கள், இங்கே கதை தலைகீழ். நிலைத்தவை பெண் எழுதியவை.

முதல் கடிதம் 1856 அக்டோபர். உடல்நிலை சரியில்லாமல் நைகாவ் என்ற பிறந்த ஊரில் இருக்கிறார். அங்கே அண்ணன் குத்திக் காட்டுகிறார். மகர்களுக்கும் மாங்குகளுக்கும் வேலை செய்கிறீர்கள், உங்களைச் சாதியிலிருந்து தள்ளிவைத்தது சரிதான் என்கிறார். படுக்கையில் கிடந்துகொண்டு அண்ணனுக்குத் தான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கணவருக்கு எழுதுகிறார். இந்தக் கடிதம் காதல் கடிதமில்லையா? 'உன்னை யார் பேசினாலும் நான் விடமாட்டேன்' என்பதைவிட வேறென்ன காதல் வேண்டும்?

மூன்றாவது கடிதம் 1877. ஜுன்னர் பக்கத்திலிருந்து. பஞ்சம். மாடுகள் சாகின்றன, சனங்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், வட்டிக்காரர்கள் கொழுக்கிறார்கள். நிவாரண வேலை எப்படிப் போகிறது என்று கணவருக்குச் சொல்கிறார்.

நடுவில் இருப்பது 1868 ஆகஸ்ட் கடிதம். அதை ஒவ்வொரு இளைஞரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மறுபடியும் நைகாவிலிருந்து எழுதுகிறார். கணேஷ் என்ற பார்ப்பன இளைஞன், ஊர் ஊராகப் போய்ச் சடங்கு செய்தும் சோதிடம் சொல்லியும் பிழைக்கிறவன். சர்ஜா என்ற மகர் பெண்ணைக் காதலிக்கிறான். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. விஷயம் தெரிந்ததும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் பிடித்துத் தெருவில் இழுத்துப் போகிறார்கள், கொல்லப் போகிறார்கள். சாவித்திரி ஓடிப் போய்க் கூட்டத்துக்குள் நுழைகிறார். கொன்றால் வெள்ளைக்காரன் சட்டம் உங்களைச் சும்மா விடாது என்று மிரட்டுகிறார். கூட்டம் பின்வாங்குகிறது. ஆனால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்கிறது. சரி என்று இருவரையும் காப்பாற்றி, பூனாவில் இருக்கும் ஜோதிராவிடம் அனுப்பி வைக்கிறார். அந்தச் செய்தியைத்தான் கடிதத்தில் எழுதுகிறார்.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால் என்பதை மறந்துவிடாதீர்கள். பத்திரிகைச் செய்தியாக ஊரும் பேரும் மாற்றிப் போட்டால் இன்றைக்கும் பொருந்தும். ஒரு வித்தியாசம் மட்டும். அன்றைக்கு ஒரு பெண் குறுக்கே நின்றாள்.

அந்தக் கடிதத்தில் ஏக்கம் குறைவு. கண்ணே மணியே குறைவு. ஆனால் நான் வாசித்ததிலேயே ஆழமான காதல் கடிதம் அதுதான். ஏனென்றால் நேரில் கேட்காமலேயே சாவித்திரிக்குத் தெரிந்திருந்தது, இவர்கள் போய் நின்றால் அவர் கதவைத் திறப்பார் என்று. பக்கத்தில் இல்லாத ஒருவரின் மனசைப் பற்றி இவ்வளவு உறுதியாக இருக்க முடிவதற்குப் பெயர்தான் நெடுந்தூரக் காதல். மற்றதெல்லாம் தூரம்.

இங்கே நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். மேல்சாதி இலக்கியத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் நேர்மையானவன் அல்ல.

அண்ணல் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்த ஆண்டுகளில் ரமாபாய் பம்பாயில் வறுமையோடு மல்லுக்கட்டினார். பெற்ற ஐந்து குழந்தைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்தார். 1935இல் அவரும் போய்ச் சேர்ந்தார். பாகிஸ்தான் பற்றிய தன் நூலை அண்ணல் 'ராமு'வுக்குத்தான் காணிக்கையாக்கினார். அவருக்குத் தெரியும் அந்தக் கடன். நமக்குத் தெரியுமா? நாம் ரமாபாயைத் தியாகத் தாய் என்று படமாக்கி மாலை போட்டோம். தியாகம் என்ற சொல்லால் அவருடைய கோபத்தையும் பசியையும் மூடிவிட்டோம்.

பிறகு சவிதா. மருத்துவர் சாரதா கபீர். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணல் தில்லியில், அவர் பம்பாயில். இடையில் கடிதங்கள். 1948 ஏப்ரல் 15 அன்று தில்லியில் திருமணம். கலப்பு மணமே மருந்து என்று எழுதியவர் தானே அந்த மருந்தைக் குடித்தார். அதற்கு நம் ஆட்கள் செய்த மரியாதை என்ன? அண்ணல் மறைந்ததும் அந்த அம்மையார்மேல் சந்தேகத்தை ஏவினார்கள். பல ஆண்டுகள் ஒதுங்கி வாழவைத்தார்கள். தன் பக்கத்தைச் சொல்ல அவர் தன்வரலாறு எழுத வேண்டியிருந்தது. 1990இல் மராத்தியில் வந்த அந்த நூலை வாசிக்காமலேயே இன்றும் அவரைத் திட்டும் தோழர்களை எனக்குத் தெரியும். சாதி மறுப்புக் காதலைக் கொண்டாடும் இயக்கம் தன் தலைவர் வீட்டுக்கு வந்த சாதி மறுப்பு மருமகளை நடத்திய விதம் இது. கமலாவை மறந்த இலக்கிய உலகத்தைத் திட்ட நமக்கு உரிமை வேண்டுமென்றால் இதற்கு முதலில் வெட்கப்பட வேண்டும்.

ஆண் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சென்னைக்கு வந்து இயக்கம், கவிதை, கூட்டம் என்று அலைகிறோம். ஊரில் இருக்கும் காதலிக்கோ மனைவிக்கோ இரவு பதினொரு மணிக்கு ஒரு கவிதை அனுப்புகிறோம். அவள் என்ன எழுதுகிறாள் என்று கேட்டதுண்டா? அவள் எழுதியதை யாரிடமாவது படிக்கக் கொடுத்ததுண்டா? இல்லையென்றால் நாமும் இன்னொரு 'கண்மணி'யை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். நீல நிற உறையில்.

இனிச் செய்ய வேண்டியது.

ஒன்று, சட்டம். 2012இலேயே மத்திய சட்ட ஆணையம் 242ஆவது அறிக்கையில், திருமணத்தில் தலையிட்டு மிரட்டும் கூட்டங்களைத் தடுக்க வரைவுச் சட்டம் கொடுத்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் உதவி எண்ணும் பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2025 அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று அறிவித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே, அது போதாதா என்பவர்களுக்கு ஒரு கேள்வி: தலித்தைக் காதலித்ததற்காகச் சொந்த வீட்டிலேயே கொல்லப்படும் பெண்ணின் கொலை அந்தச் சட்டத்தில் எங்கே வருகிறது? வராது. அவள் பட்டியல் சாதி இல்லையே. அவளுக்கும் சேர்த்துத்தான் தனிச்சட்டம் கேட்கிறோம். ஆணையம் போட்டதற்கு நன்றி சொல்லி வீட்டுக்குப் போவதற்கு நாம் பார்வையாளர்கள் அல்ல.

இரண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். முப்பது நாள் ஒட்டுத்தாள் அதற்குத் தேவையில்லை. ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அது இந்து திருமணச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒருவர் கிறித்தவராகவோ இஸ்லாமியராகவோ இருந்தால் அந்தக் கதவு திறக்காது. அதனால்தான் சிறப்புத் திருமணச் சட்டத்தின் ஒட்டுத்தாள் ஒழிய வேண்டும் என்கிறோம்.

மூன்று, தம்பி, அழிக்காதே. உன் கைபேசியில் இருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் நகல் இருக்கட்டும். மிரட்டல் வந்தால் தேதியோடு எழுதி வை. வழக்கு என்று வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. வழக்கே வராமல் நீங்கள் இருவரும் கிழவன் கிழவி ஆனால் அதுதான் உங்கள் புத்தகம். அவள் எழுதியதும் அதில் பாதி இருக்க வேண்டும். அட்டையில் அவள் பெயரும் இருக்க வேண்டும்.

நான்கு. இதுதான் முக்கியம். 1868இல் சாவித்திரியிடம் ஆயுதம் இல்லை, கட்சி இல்லை, ஆணையம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு முகவரி. ஓடிவருகிறவர்களை அனுப்பிவைக்கப் பூனாவில் ஒரு வீடு இருந்தது. நம்மிடம் அப்படி எத்தனை வீடு இருக்கிறது? கொட்டிவாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போனபோது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கிற தெருவில் ஒரு கதவையாவது கேட்காமல் திறக்கிற கதவாக வைத்திருப்பதுதான் இயக்கம். மேடையில் ஆயிரம் முறை சாதி மறுப்புத் திருமணம் என்று முழங்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பேருந்தைவிட்டு இறங்கும் இரண்டு பிள்ளைகள் கையில் எந்த விலாசத்தைக் கொடுக்கப் போகிறோம்? இந்தப் பதிவைப் படிக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் பகிருங்கள்.

எங்கள் வாசகர் வட்டம் அடுத்த மாதம் மறுபடி கூடுகிறது. சாவித்திரியின் மூன்று கடிதங்களையும் கமலா விருத்தாசலத்தின் கதை ஒன்றையும் வாசிக்கிறோம். தம்பி வருகிறேன் என்றிருக்கிறான். அன்றிரவு புறப்படும்போது என் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கைபேசியில் அதை என்ன பெயரில் பதிந்தான் என்று நான் பார்க்கவில்லை. அவளுக்கு அனுப்பிவிட்டான் என்று மட்டும் தெரியும். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "இத மட்டும் அழிக்க வேண்டாம்னு சொல்லிருக்கேன்ணே" என்றான்.

ஜெய்பீம்.